நகரத்தை விட்டுக் கடவுளை அழைப்பது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு மிகைப்புனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு தொல்நகரம். அதன் பூசாரிகள் தடைசெய்யப்பட்ட சடங்கு ஒன்றைச் செய்து பாதாளத்திலிருந்து எதையோ அழைக்கிறார்கள். அது வந்து ஒரே இரவில் நகரத்தை அழித்துவிடுகிறது. படித்த நண்பர்கள் 'வீடியோ கேம் மாதிரி இருக்கு' என்கிறார்கள். இப்படி ஒரு சடங்கு வரலாற்றில் எங்காவது இருந்திருக்கிறதா? இருந்தால் அதை ஏன் மறைத்து வைத்தார்கள்?

க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பூசாரிகள் எதற்காக அழைத்தார்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. காரணம் இல்லாமல் வரும் பேய்க்கு பயப்பட ஆளில்லை.

ஆனால் சடங்கு இருந்தது. ரோமர்களிடம் இருந்தது. அதை அவர்கள் எதிரி நகரத்தின் மதிலுக்கு வெளியே நின்று செய்தார்கள். அழைத்தது அந்த நகரத்தைக் காத்துவந்த தெய்வத்தை. இந்த ஊரை விட்டு எங்களிடம் வந்துவிடு, உனக்குக் கோயில் கட்டுகிறோம், விழா எடுக்கிறோம் என்று பேரம். எவோகாட்டியோ என்று இதற்குப் பெயர். தெய்வம் கிளம்பிவிட்டால் மதிலுக்குள் இருப்பது வெறும் கல்லும் மனிதர்களும்தான். அப்புறம் கோயிலை இடித்தாலும் பாவம் இல்லை.

புகழ்பெற்ற கதை வேயி நகரத்துடையது. ரோமர்களுக்கு அண்டையில் இத்தாலியில் வாழ்ந்த எட்ரூஸ்கர்களின் நகரம், ரோமிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். பத்து வருட முற்றுகைக்குப் பிறகு கி.மு. 396-ல் விழுந்தது என்பது மரபு. ரோமத் தளபதி கமில்லஸ் தாக்குதலுக்கு முன்னால் வேயியின் காவல் தேவி ஜூனோவிடம், வென்றதும் எங்களோடு எங்கள் நகரத்துக்கு வா, உன் பெருமைக்கேற்ற கோயில் காத்திருக்கிறது என்று வேண்டுகிறார். அதற்குள் ரோமப் படை நகரத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி முடித்திருந்தது. சுரங்கம் போய்ச் சேர்ந்த இடம் அதே ஜூனோவின் கோயில். மேலே வேயி அரசன் பலி கொடுத்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பலியின் குடலை அறுப்பவனுக்கே வெற்றி என்று குறிசொல்பவன் சொல்வது கீழே இருந்த வீரர்கள் காதில் விழுகிறது. தரையை உடைத்துக்கொண்டு வந்து குடலைப் பறித்துக் கமில்லஸிடம் கொண்டு போனார்களாம். இதை எழுதிய ரோம வரலாற்றாசிரியர் லிவியே, இது நாடக மேடைக்குப் பொருத்தம், நம்புவதற்கல்ல என்கிற தொனியில் ஒதுக்கிவிடுகிறார். அவருக்கும் கதை பிடித்திருக்கிறது என்பது நன்றாகத் தெரிகிறது.

நகரம் விழுந்தபின் நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. குளித்து வெள்ளை உடுத்திய இளைஞர்கள் சிலையைத் தூக்கப் போகிறார்கள். தொடவே தயக்கம், ஏனென்றால் குறிப்பிட்ட ஒரு குலத்துப் பூசாரியைத் தவிர வேறு யாரும் அந்தச் சிலையைத் தொடுவதில்லை. ஒருவன், விளையாட்டாகவோ அருள் வந்தோ, 'ஜூனோ, ரோமுக்கு வருகிறாயா?' என்று கேட்கிறான். அவள் தலையசைத்தாள் என்று மற்றவர்கள் கத்துகிறார்கள். ரோமில் அவென்டைன் குன்றில் அவளுக்குக் கோயில் எழுந்தது.

மந்திரமே நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் மக்ரோபியஸ் என்பவர் பழைய நூல்களிலிருந்து எடுத்து எழுதிவைத்தார். வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த ரோமின் பெரும் எதிரி நகரம் கார்த்தேஜுக்கு எதிரான வாசகம் அது. 'தேவனோ தேவியோ, கார்த்தேஜின் மக்களைக் காப்பவர் யாரோ அவரே' என்று தொடங்குகிறது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல், எந்தச் சந்துக்கும் இடம் விடாமல், கிரயப் பத்திரம் எழுதுவதுபோல எழுதியிருக்கிறார்கள். ஊரையும் கோயில்களையும் கைவிடு, அந்த மக்கள் மேல் அச்சத்தையும் மறதியையும் ஏவு, எங்களிடம் வா. வந்தால் கோயிலும் விளையாட்டு விழாவும் உண்டு. மறதியைக் கேட்டவன் யாரோ, அவன் பெரிய கவிஞன்.

அது முடிந்ததும் இரண்டாவது வாசகம், சாபம். காவல் போன நகரத்தையும் அதன் படையையும் பாதாள தெய்வங்களுக்கு ஒப்படைப்பது. பூமியின் பெயர் சொல்லும்போது கைகளால் தரையைத் தொட வேண்டும், வான தெய்வம் ஜூபிடரின் பெயருக்கு வானம் நோக்கிக் கையுயர்த்த வேண்டும். தளபதியோ சர்வாதிகாரியோ மட்டுமே சொல்லலாம். உங்கள் பாதாளம் இங்கேதான் வருகிறது.

ஏன் மறைத்தார்கள்? ஊர் ஊராகப் போய் இதைச் செய்தவனுக்கு, தன் ஊருக்கும் யாராவது செய்துவிட்டால் என்ற பயம் வராமல் இருக்குமா? அதனால் ரோமைக் காக்கும் தெய்வத்தின் பெயர் ரகசியம், ரோமின் உண்மைப் பெயரும் ரகசியம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. வலேரியஸ் சொரானஸ் என்ற அறிஞர் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அதற்கான தண்டனையையும் அடைந்தார் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அதே இடத்தில் ஆங்கெரோனா என்ற தேவியையும் சொல்கிறார். அவள் சிலையின் வாய் கட்டி முத்திரையிடப்பட்டிருக்கும். சொரானஸ் உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்து ஆள், ரோமத் தளபதி பாம்பேயின் கையில் செத்தவர் என்று கருதப்படுகிறது. கொன்ற காரணம் அரசியல் என்றுதான் நான் நினைக்கிறேன். ரகசியப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெறும் புத்தகக் கதையாகவும் தள்ளிவிட முடியாது. இன்றைய துருக்கியில், பழைய இசௌரா என்ற ஊரைக் கைப்பற்றிய ரோமத் தளபதி செர்விலியஸ் கி.மு. 75 வாக்கில் வைத்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்த ஊரைக் காத்துவந்த 'தேவனோ தேவியோ' அவருக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தினேன் என்கிறது. கைதிகளை விற்றாயிற்று என்பதும் அதே கல்லில், அதே மூச்சில்.

கார்த்தேஜை அழித்தது மந்திரம் அல்ல என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருட முற்றுகை, பட்டினி, கடைசியில் ஆறு நாள் தெருச்சண்டை, தீ. கி.மு. 146. மண்ணில் உப்பைத் தூவினார்கள் என்பார்கள், பழைய நூல் எதிலும் அது இல்லை. சாபம் என்னமோ நிலைத்து நின்றது. கி.மு. 122-ல் ரோம அரசியல்வாதி காயஸ் கிராக்கஸ் அங்கே ஜூனோவின் பெயரிலேயே குடியேற்றம் அமைக்கப் போனபோது, எல்லைக் கற்களை ஓநாய்கள் பிடுங்கிப்போட்டன என்று பேச்சு கிளம்பியது. அவருடைய அரசியல் எதிரிகளுக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

நீங்கள் நாவலில் யோசிக்க வேண்டிய இடம் அதற்கும் பின்னால் இருக்கிறது. சீசர், அகஸ்டஸ் காலத்தில் ரோமர்களே கார்த்தேஜை மறுபடி கட்டினார்கள். அது பேரரசின் பெரிய நகரங்களில் ஒன்றாகியது. அங்கே பழைய தானித் தேவி ஜூனோ கேலெஸ்டிஸ் என்ற ரோமப் பெயரில் பெரிய கோயிலோடு உட்கார்ந்திருந்தாள். அழைத்தபோது அவள் போனாளா, போய்த் திரும்பி வந்தாளா, இல்லை கிளம்பவே இல்லையா? உங்கள் பூசாரிகளில் ஒருவரையாவது பிழைக்க வைத்து இதைக் கேட்க விடுங்கள்.