இரண்டு எண்களும் சரிதான்!

கேள்வி: பெண் கல்வி பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். தமிழகப் பெண்களின் எழுத்தறிவு ஓரிடத்தில் 73 சதவீதம், இன்னோரிடத்தில் 84 என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது, ஐயா?
– எம்.ஏ. மாணவி, திருநெல்வேலி

பதில்: இரண்டும் சரிதான் அம்மா, கேட்ட கேள்விதான் வேறு. 73 என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஏழு வயதுச் சிறுமி முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை அதில் அடக்கம். வாசலில் நின்று, "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்பார்கள், வீட்டில் யாரோ ஒருவர் எல்லோருக்காகவும் பதில் சொல்வார். என் பாட்டிக்குக் கையெழுத்து மட்டுமே வரும். தாத்தா பெருமையாக, "படிப்பாள்" என்றுதான் சொல்லியிருப்பார்!

84 என்பது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. எல்லா வீட்டுக்கும் போகாமல், தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு இது. 15 முதல் 49 வயதுப் பெண்கள் மட்டுமே. ஒன்பதாம் வகுப்பை முடிக்காதவர்களிடம் அட்டையை நீட்டி, ஒரு வாக்கியத்தைப் படிக்கச் சொல்கிறார்கள். அரைகுறையாகப் படித்தாலும் தேர்ச்சிதான். பாட்டிகள் இல்லாத கணக்கு. உயராமல் என்ன செய்யும்? ஆகவே, "சுமார் பத்து ஆண்டுகளில் 11 புள்ளி உயர்வு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தேர்வாளர் சிவப்பு மையோடு காத்திருப்பார்.

இன்னொன்று. அதே 2011 கணக்கெடுப்பிலேயே முதலில் வந்த தற்காலிக எண் 73.86, இறுதி எண் 73.44. பழைய எண்ணைப் பலர் இன்னமும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். நீங்கள் இறுதி அட்டவணையையே எடுங்கள். வயதுவாரி அட்டவணையும் உண்டு. அதில் 15-49 வயதினரைத் தனியே பிரித்துக் கணக்கிட்டால் ஓரளவு ஒப்பிடலாம்.