வெப் ஏபிஐ-க்கு லாகினும் ரோல் அனுமதியும் சேர்க்க ஜேடபிள்யூடி போதுமா?

ஏஎஸ்பி.நெட் கோர் (மைக்ரோசாஃப்டின் வெப் ஃப்ரேம்வொர்க்) என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அட்மின், மேனேஜர், கஸ்டமர் என்று மூன்று ரோல். ஏபிஐ (ஆப் டேட்டா கேட்டு வாங்கும் சர்வர் பக்கம்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், இப்போது யாரோ வந்து "அப்படியே ஆத்-ஐயும் சேர்த்துடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். உப்பு போட மறந்த மாதிரிதான் சொல்வார்கள், எனக்குத் தெரியும்.

போதாது. ஜேடபிள்யூடி என்பது லாகின் செய்தவர் யார் என்று காட்டும் ஒரு டோக்கன். அதைக் கொடுப்பது இதில் சுலபமான பகுதி, அதை முதலில் முடித்துவிடுவோம்.

பாஸ்வேர்டை ஹாஷ் செய்யும் (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும்) கோடை நீங்களே எழுதாதீர்கள். ஏஎஸ்பி.நெட் கோர் ஐடென்டிட்டி என்ற லைப்ரரி அதைப் பிபிகேடிஎஃப்2 என்ற ஹாஷ் முறையில் செய்து கொடுத்துவிடும். ஜேடபிள்யூடி என்பது 2015-ல் ஆர்எஃப்சி 7519 என்ற ஆவணமாக வந்த இணையத் தரம். வழக்கமாக அதில் இருப்பது கையெழுத்து மட்டும்தான். டோக்கன் கையில் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், மாற்றத்தான் முடியாது. அதனால் போன் நம்பரையெல்லாம் அதில் திணிக்காதீர்கள். கையெழுத்துப் போடும் சாவியை, கோடு சேமித்து வைக்கும் கிட்-டில் (Git) ஏற்றிவிடாதீர்கள். ப்ரோக்ராம் ஃபைலில் யூஸ்ஆத்தரைசேஷனுக்கு (அனுமதி உண்டா என்று பார்ப்பது) முன்னால் யூஸ்ஆதென்டிகேஷன் (வந்தவர் யார் என்று பார்ப்பது) வர வேண்டும். டோக்கன் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்கும்போது டாட்நெட் இயல்பாகவே ஐந்து நிமிடம் சலுகை கொடுக்கும். பத்து நிமிட டோக்கன் ஏன் பதினைந்து நிமிடம் உயிரோடு இருக்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், கிளாக்ஸ்க்யூ என்ற செட்டிங்கைப் பாருங்கள்.

அப்புறம் ரோல். கன்ட்ரோலர் (ரிக்வெஸ்ட்டை வாங்கும் கிளாஸ்) தலையில் ஆத்தரைஸ் அட்ரிபியூட்டில் ரோல் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் யூட்யூபில் பாதி வீடியோக்கள் முடிகின்றன. ஒரே அட்ரிபியூட்டில் காற்புள்ளி போட்டு இரண்டு ரோல் எழுதினால் 'ஏதாவது ஒன்று இருந்தால் போதும்' என்று அர்த்தம். இரண்டு அட்ரிபியூட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் 'இரண்டும் வேண்டும்'. இதையும் அந்த வீடியோக்கள் சொல்வதில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. முன்பு ஒரு கம்பெனியில் பள்ளிக்கூடங்களுக்கான ஆப்புக்கு ஏபிஐ எழுதும் டீமில் நடுவில் போய்ச் சேர்ந்தேன். தலைமை ஆசிரியர், ஆசிரியர், பெற்றோர், கணக்காளர் என்று ரோல்கள் பக்காவாக இருந்தன. பெற்றோர் ஃபீஸ் பக்கத்தைத் திருத்தப் போனால் 403 (அனுமதி இல்லை) வரும். டோக்கனே இல்லாமல் வந்தால் 401 (முதலில் லாகின் செய்). டெமோவில் எல்லோருக்கும் பரம திருப்தி.

ஏபிஐ-க்கு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்க்கும் போஸ்ட்மேனில் பெற்றோர் ஒருவருடைய டோக்கனைப் போட்டு மதிப்பெண் பட்டியலைக் கேட்டேன். யூஆர்எல் கடைசியில் மாணவர் எண் 1041. அதை 1042 ஆக்கி மறுபடி அனுப்பினேன். 200 ஓகே. அடுத்த பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, கணக்கில் வாங்கிய மார்க், அப்பாவின் போன் நம்பர் எல்லாம் வந்து நின்றது. ரோல் சரிதான், கேட்டவர் பெற்றோர்தான். யாருடைய பெற்றோர் என்று மட்டும் எந்த வரியும் கேட்கவில்லை.

மேனேஜரிடம் காட்டினேன். "யாருப்பா உட்கார்ந்து நம்பரை மாத்திப் பார்க்கப் போறாங்க? அவங்க பேரன்ட்ஸ்பா, ஹேக்கரா?" என்றார். "சார், பேரன்ட்ஸ்ல பாதிப் பேர் ஐடி-ல இருக்காங்க" என்றேன். சிரித்துவிட்டு, அடுத்த ஸ்பிரின்ட்டில் (அடுத்த வேலைச் சுற்றில்) பார்க்கலாம் என்றார். அது எந்த ஸ்பிரின்ட்டிலும் வரவில்லை.

இது ஏதோ என் கண்டுபிடிப்பு இல்லை. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில் 2019-லும் 2023-லும் முதலிடம் இந்த ஓட்டைக்குத்தான். பிறகு பள்ளித் தரப்பிலிருந்து ஒரு ஆடிட் கம்பெனியை வைத்தார்கள். அவர்கள் அதே 1041, 1042 விளையாட்டை ஆடி, சிவப்புக் கட்டம் கட்டி பிடிஎஃப் அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே அவசர மீட்டிங். திருத்தி முடித்தது நான்தான். அந்த வருட அப்ரைசலில் எனக்கு வந்த கமென்ட் 'கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்'. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாகியிருக்கும். நான் தமிழில் சொன்னபோது புரியாதது, அவர்கள் இங்கிலீஷில் பிடிஎஃப் போட்டதும் புரிந்துவிட்டது. இதில் யார் கம்யூனிகேஷனை இம்ப்ரூவ் பண்ண வேண்டும்? சரி, விடுங்கள், இது நீங்கள் கேட்டதில்லை.

திருத்தம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாணவரை எண் வைத்து மட்டும் தேடாமல், லாகின் செய்தவர் அவருடைய பாதுகாவலரா என்பதையும் சேர்த்தே டேட்டாபேஸில் தேடினோம். லாகின் செய்தவர் யார் என்பதை டோக்கனிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், ரிக்வெஸ்ட்டில் வரும் யூசர் ஐடியை நம்பக் கூடாது. பொருந்தவில்லை என்றால் 404 (அப்படி ஒன்று இல்லை) கொடுத்தோம். 403 கொடுத்தால் அப்படி ஒரு மாணவர் இருக்கிறார் என்று நாமே சொன்னதாகிவிடும். ஆசிரியருக்கும் இதே கதைதான், அவர் எடுக்கும் வகுப்பு மட்டும். அதோடு அட்ரிபியூட் இல்லாத இடங்களுக்குப் பொருந்தும் ஃபால்பேக் பாலிசியில் 'லாகின் கட்டாயம்' என்று போட்டு, லாகின் பக்கத்துக்கு மட்டும் யாரையும் உள்ளே விடும் அலவ்அனானிமஸ் கொடுத்தோம். புது கன்ட்ரோலர் எழுதுகிறவர் அட்ரிபியூட்டை மறந்தாலும் கதவு பூட்டியே இருக்கும்.

கீழே வந்து "கீக்ளோக் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: தாராளமாகப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. அது லாகினைப் பார்த்துக்கொள்ளும் ரெடிமேட் சர்வர், வந்தவர் யார் என்று சொல்லும். 1042 யாருடைய பிள்ளை என்பது உங்கள் டேபிளுக்குத்தான் தெரியும். "எண்ணுக்குப் பதில் ஜியூஐடி வைத்தால் போதுமே" என்பவர்களுக்கு: அது நீளமான ஒரு அடையாளம், எளிதில் ஊகிக்க முடியாதுதான். ஆனால் அந்த லிங்க்கை யாராவது வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் என்ன செய்வீர்கள்? பிரவுசர் ஆப் மட்டும்தான் என்றால் ஜேடபிள்யூடியே வேண்டாம், குக்கி போதும் என்று சொன்னால் மட்டும் சண்டைக்கு வர மாட்டேன், அது நியாயம்தான்.

உங்கள் விஷயத்தில் கஸ்டமர் ரோலிலிருந்து ஆரம்பியுங்கள். ஆர்டர், பில், முகவரி என்று ஐடி வாங்கும் ஒவ்வொரு எண்ட்பாயின்ட்டுக்கும் (ஏபிஐ யூஆர்எல்லுக்கும்) இரண்டு கஸ்டமர்களை வைத்து டெஸ்ட் எழுதுங்கள்: முதல் ஆளின் டோக்கன், இரண்டாம் ஆளின் ஆர்டர், வர வேண்டியது 404. படிப்பதற்கு மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடாதீர்கள், திருத்துவதற்கும் அழிப்பதற்கும் தனித்தனியாக வேண்டும். எங்களுக்கு மதிப்பெண் பட்டியலை அடைத்த பிறகும் விடுப்பு விண்ணப்பத்தை ரத்து செய்யும் எண்ட்பாயின்ட் திறந்தே கிடந்தது, டெஸ்ட் எழுதியபோதுதான் அகப்பட்டது.