ரத்தக்குழாய் வளைவின் உட்பக்கத்தில் ஏன் அதிகமாக அடைப்பு வருகிறது?

ஈரோட்டில் அப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தபோது அடைப்பு வளைவின் உட்பக்கத்தில் இருப்பதாக டாக்டர் சொன்னாராம். ஏன் அங்கே என்று கேட்டிருக்கீங்க.

பவானியில் பிரிந்து நெளிந்து நெளிந்து நொய்யலில் சேரும் கலிங்கராயன் வாய்க்காலைப் பாருங்க. திருப்பத்தில் வெளிக்கரையோரம் தண்ணீர் விசையாக ஓடும். உள்கரையில் மந்தமாகி வண்டல் தங்கும். வளைந்த தமனியிலும் பெரும்பாலும் வேகம் வெளிச்சுவர்ப் பக்கமே ஒதுங்குகிறது. கூடவே குறுக்கே ஒரு ஜோடிச் சுழலும் கிளம்பும். 1920களில் டீன் என்ற கணித அறிஞர் இதைக் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்.

வாய்க்கால் உவமை இத்தோடு சரி. வாய்க்கால் ஒரே சீராக ஓடும். ரத்தமோ நிமிடத்துக்கு 70 தடவை துடித்துத் துடித்து வருகிறது. ஒவ்வொரு துடிப்பும் தணியும்போது, உட்சுவரையொட்டி ஏற்கெனவே மெதுவாகப் போகும் ரத்தம் நொடிப்பொழுது பின்வாங்கவும் செய்யும். சுவரின் உட்பரப்பில் இருக்கும் செல்கள், ரத்தம் ஓடும்போது தங்கள் மேல் படும் உரசலை உணரக்கூடியவை. ஒரே திசையில் நன்றாக உரசினால் ஓட்டத்தின் போக்கிலேயே நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். உரசல் குறைந்து, முன்னும் பின்னுமாக ஆடினால் வரிசை குலைந்து, கெட்ட கொழுப்பு உள்ளே புக வழி விட்டுவிடும்.

அதாவது கொழுப்பு வண்டல் மாதிரி மேலே படிவதில்லைங்க, சுவருக்குள்ளேயே போய்ச் சேருகிறது. பலர் தவறாக நினைப்பது இங்கேதான்.

வளைவு எல்லோருக்கும் இருப்பதுதான். புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொலஸ்ட்ரால் சேரும்போது முதலில் அடிவாங்குவது இந்த இடங்கள்.