ஐ.பி. இருக்க என்.ஐ.ஏ. எதற்கு? உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்புகள் பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மாநிலக் காவல் துறையில் நுண்ணறிவு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அதனால் மாநிலத்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கொங்குத் தமிழன்: ஐ.பி., என்.ஐ.ஏ., சி.பி.ஐ., ரா, கியூ பிரிவு... எல்லாரும் ஒரே வேலையைத்தானே செய்கிறார்கள் சார்? வரிப்பணம் வீண்தானே?

ஒரே வேலை இல்லை. தகவல் சேகரிப்பது ஒன்று, வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் நிரூபிப்பது இன்னொன்று. ஐ.பி. என்ற மத்திய உளவுத்துறை 1887இல் வெள்ளைக்காரன் தொடங்கியது. தகவல் சேகரிக்கும், யாரையும் கைது செய்ய முடியாது. ரா 1968இல் அதிலிருந்து பிரிந்து வெளிநாட்டு உளவைப் பார்க்கப் போனது. என்.ஐ.ஏ., அதாவது தேசியப் புலனாய்வு முகமை, மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் சட்டம் போட்டு உருவானது. அது புலனாய்வு அமைப்பு. பெரும்பாலும் சம்பவம் நடந்த பிறகுதான் வரும். கியூ பிரிவு என்பது தீவிரவாதத்தைக் கவனிக்கும் தமிழ்நாடு போலீஸ் பிரிவு.

"வழக்கு நடத்தத்தான் சி.பி.ஐ. இருந்ததே?" என்று அடுத்துக் கேட்பீர்கள். சி.பி.ஐ. ஒரு மாநிலத்துக்குள் வர அந்த மாநில அரசின் சம்மதம் வேண்டும். தமிழ்நாடு பொதுச் சம்மதத்தை 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. என்.ஐ.ஏ.க்கு அந்தத் தடை இல்லை. மத்திய அரசு தானாகவே வழக்கை எடுத்துக் கொடுக்கலாம். என்.ஐ.ஏ. பிறந்ததற்கு இந்தச் சம்மதச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம்.

வைகைக்கரை: அப்படியென்றால் தேவையில்லாத இரட்டை வேலை எங்கேயும் இல்லையா?

இருக்கிறது. போதைப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 முதல் என்.சி.பி. என்ற மத்தியப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு இருக்கிறது. டி.ஆர்.ஐ. என்ற வருவாய்ப் புலனாய்வு இயக்ககம், சுங்கத் துறை, மாநிலப் போலீஸ் எல்லாரும் பிடிக்கலாம். 2021இல் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயினைப் பிடித்தது டி.ஆர்.ஐ.; வழக்கு போனது என்.ஐ.ஏ.க்கு. பிடிபட்டால் படம் எடுத்துக்கொள்ள எல்லாரும் வருவார்கள். நழுவிப் போன சரக்குக்கு யார் பொறுப்பு என்று கேட்டால்தான் ஆள் கிடைக்காது.

அதிகாரம் இரட்டிப்பாவதைத்தான் நான் வீண் என்பேன். கண்காணிப்பு இரட்டிப்பாவது வேறு விஷயம். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பார்க்கலாம்.

கடலோடி: அண்ணா, நான் ராமேஸ்வரம். கடலில் நேவி, கோஸ்ட் கார்டு, மரைன் போலீஸ், கரைக்கு வந்தால் கஸ்டம்ஸ், கியூ பிரிவு. ஒரே அடையாள அட்டையை எத்தனை பேரிடம் காட்டுவது?

நியாயமான கோபம் தம்பி. 2009இல் ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்புப் பொறுப்பைக் கடற்படையிடம் கொடுத்தார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில மரைன் போலீஸ், அதற்கு மேல் கடலோரக் காவல் படை. நம் மாநிலத்தில் மரைன் போலீசான கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994லேயே வந்துவிட்டது. மற்ற கடலோர மாநிலங்கள் பலவும் பிறகுதான் விழித்தன. 2008இல் பயங்கரவாதிகள் பத்துப் பேர் மும்பைக்குள் நுழைந்தது 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான். அதனால் கடலைப் பல கண்கள் பார்ப்பது தப்பில்லை.

ஆனால் ஒரே படகை மூன்று துறைகள் தனித்தனியாக நிறுத்திச் சோதிப்பது பாதுகாப்பு ஆகாது. ஒருவர் சோதித்த விவரம் மற்றவருக்கு உடனே தெரிய வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ஒன்று: கடலில் புதுப் படகு எது என்று முதலில் தெரிவது உங்களுக்குத்தான். உங்களை எரிச்சலூட்டிவிட்டு உங்களிடமே தகவல் கேட்டால் எப்படி வரும்?

பழைய பேப்பர்: மும்பையில் இத்தனை அமைப்பும் என்ன செய்தன?

கடல் வழியாக ஆள் வரலாம், பெரிய ஓட்டல்கள் குறி என்பது போன்ற எச்சரிக்கைகள் முன்பே வந்திருந்தன. தகவல்களை ஒரே மேசைக்குக் கொண்டுவர 'மேக்' என்ற பல்முகமை மையமும் கார்கில் போருக்குப் பிறகு, 2001இலேயே, ஐ.பி.க்குள் அமைந்திருந்தது. அங்கே கொண்டுவந்து வைக்கத்தான் யாருக்கும் மனம் இல்லை. தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோ அணி ஹரியானாவின் மானேசரிலிருந்து கிளம்பி மறுநாள் காலையில்தான் மும்பைக்கு வந்து சேர்ந்தது. அந்த ஓட்டையை மட்டும் சரியாக அடைத்தார்கள். 2009இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் அந்தப் படைக்கு மையம் வந்தது.

தர்க்கவாதி: எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் என்.சி.டி.சி.யை (தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம்) மாநிலங்கள் ஏன் தடுத்தன? இங்கே ஜெயலலிதாவும் எதிர்த்தாரே. வெறும் அரசியலா?

அரசியலும் உண்டு, அதற்காக எதிர்ப்பைத் தள்ளிவிட முடியாது. 2012 பிப்ரவரியில் ப.சிதம்பரம் உள்துறை அமைச்சராக இருந்தபோது உத்தரவு வந்தது, மார்ச் 1 முதல் செயல்படும் என்று. ஜெயலலிதா, மம்தா, நவீன் பட்நாயக், அன்றைய குஜராத் முதல்வர் மோடி எல்லாரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். அந்த வரிசையே சொல்லும், இது ஒரு கட்சியின் பிரச்சினை இல்லை என்று.

சிக்கல் இதுதான். மையத்தை ஐ.பி.க்குள் வைத்தார்கள். கூடவே ஊபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் சோதனை போடவும் கைது செய்யவும் அதிகாரம் கொடுத்தார்கள். ஐ.பி.க்கு இன்றுவரை தனிச் சட்டம் கிடையாது. நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. அப்படிப்பட்ட அமைப்பின் ஆள், மாநிலப் போலீசுக்கு முன்கூட்டிச் சொல்லாமலேயே வந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் யார் ஒப்புவார்கள்? அரசியலமைப்பில் காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியல். இதற்கெல்லாம் மாதிரியாகக் காட்டப்பட்ட அமெரிக்க என்.சி.டி.சி.க்கே கைது அதிகாரம் இல்லை. அலசி ஆராய்ந்து சொல்வதோடு சரி. நாம் பெயரை மட்டும் இறக்குமதி செய்து, உள்ளே வேறு சரக்கை ஏற்றினோம். 2012 மே 5ஆம் தேதி முதல்வர்கள் கூட்டத்திலும் முடிவு வரவில்லை. கோப்பு கிடப்பில் போனது.

அதிகாரத்தை எடுத்துவிட்டு மையத்தை மட்டும் கொண்டுவந்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

உக்கடத்துக்காரன்: 2022 கோவை கார் வெடிப்பில் இறந்தவரை என்.ஐ.ஏ. 2019லேயே விசாரித்திருந்ததாமே. பிறகு ஏன் விட்டார்கள்?

விசாரித்த எல்லாரையும் உள்ளே வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆதாரம் இல்லையென்றால் என்.ஐ.ஏ. அடுத்த வழக்குக்குப் போய்விடும். அந்த ஆளைத் தொடர்ந்து கவனிப்பது உள்ளூர் வேலை. டெல்லியில் எத்தனை மாடிக் கட்டடம் கட்டினாலும், அந்தத் தெருவில் யார் புதிதாகக் குடிவந்தார், யார் என்ன வாங்கினார் என்பது காவல் நிலையத்து ஏட்டுக்குத்தான் தெரியும். பிறகு தமிழ்நாட்டில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவைத் தனியாக அமைத்தார்கள். நல்லது. கியூ பிரிவும் போலீசின் இன்னொரு உளவுப் பிரிவான எஸ்.பி.சி.ஐ.டி.யும் அதனிடம் மனம் விட்டுப் பேசினால் இன்னும் நல்லது!

மஞ்சப்பை: தொடங்கிய அமைப்பை மூடியதே இல்லையா ஐயா?

உண்டு. ராஜீவ் கொலையின் பின்னணிச் சதியை விசாரிக்க 1998இல் எம்.டி.எம்.ஏ. என்று ஒன்றை அமைத்தார்கள். கலைத்தது 2022இல். அதே ஆண்டு தண்டனை பெற்றவர்களே விடுதலையாகி வெளியே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை "நீ இன்னும் எதற்கு?" என்று கேட்கும் விதி இருந்தால் இது நடந்திருக்காது.

ஊர்க்குருவி: எதை முதலில் கவனிப்பது என்ற முன்னுரிமையை யார் தீர்மானிப்பது?

இப்போது உள்துறை அமைச்சகம். கதவு சாத்திய அறையில். பிரிட்டன் தன் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5க்கு 1989இல் சட்டம் போட்டது. 1994இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்ட மேற்பார்வைக் குழு வந்தது. இங்கே 2011இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. தகவல் அறியும் சட்டமான ஆர்.டி.ஐ.யிலும் இந்த அமைப்புகளிடம் ஊழல், மனித உரிமை மீறல் புகார் தவிர மற்றதைக் கேட்க முடியாது.

எந்தக் கட்சி ஆண்டாலும் தேர்தல் நிலவரம் பார்க்கும் வேலை ஐ.பி.யின் தலையில் விழுகிறது என்பது ஊரறிந்த ரகசியம். முன்னுரிமைப் பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது அதைத்தான். முன்னுரிமையை வெளிப்படையாகச் சொன்னால் வேலை நடக்கும் என்பதற்கு மாவோயிஸ்ட் பிரச்சினையே சாட்சி. 2006இல் மன்மோகன் சிங் அதை மிகப்பெரிய உள்நாட்டுச் சவால் என்றார். வேலை உடனே முடிந்துவிடவில்லை; 2010இல் சத்தீஸ்கரின் தந்தேவாடாவில் மாவோயிஸ்ட் தாக்குதலில் 76 பேரைப் பறிகொடுத்தோம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆந்திரா தன் சொந்தப் போலீசை வைத்து மாவோயிஸ்டுகளை எதிர்க்கவென்றே கிரேஹவுண்ட்ஸ் படையை உருவாக்கி வழிகாட்டியிருந்தது. மற்ற மாநிலங்களும் மத்தியப் படையும் அதைப் பார்த்துத்தான் கற்றன.

இரவுப்பணி: ஒன்றே ஒன்றை வெட்டலாம் என்றால் எதை வெட்டுவீர்கள்?

அமைப்பு எதையும் வெட்டமாட்டேன். 2019 திருத்தத்தில் என்.ஐ.ஏ.வின் தலையில் ஏற்றிய ஆள் கடத்தலையும், முதலிலிருந்தே அங்கே இருக்கும் கள்ளநோட்டையும் இறக்கிவைப்பேன். அந்த வேலை பார்க்கும் அதிகாரிகளை மாநிலங்களுக்குத் திருப்பி அனுப்புவேன். 2020 தொடக்கத்தில் நாடு முழுக்கப் போலீசில் காலியிடம் 5 லட்சத்துக்கும் மேல்.