வெறும் வயிற்றோடு மணலைத் துழாவியவர்கள்

கேள்வி: வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வீரர்களைப் பற்றிய போர்ப் படங்களில் உங்களால் மறக்க முடியாதது எது?

பெரும்பாலானோர் 'த ஹேர்ட் லொக்கர்' என்றுதான் சொல்வார்கள். 2010இல் சிறந்த படம் உட்பட 6 ஒஸ்கார் விருதுகளை வாங்கிய படம். சிறந்த இயக்குநருக்கான ஒஸ்காரை முதன்முதலாக ஒரு பெண், கத்ரின் பிகலோ, பெற்றதும் அந்தப் படத்துக்காகத்தான். பக்தாத் தெருவில் கனத்த கவச உடையோடு ஒருவர் தனியாக நடந்து போகும் காட்சிகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் நாயகன் அந்த வேலையை விரும்பிச் செய்கிறவன். அது இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. என் மனதில் தங்கிய படம் வேறு. அதில் ஒருவருக்கும் அந்த வேலையில் விருப்பமில்லை. விருப்பமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

2015இல் வந்த டேனிஷ் படம் அது. மார்ட்டின் சான்ட்விலீட் இயக்கியது. டேனிஷ் பெயருக்கு 'மணலுக்கு அடியில்' என்று பொருள். ஆங்கிலத்தில் 'லாண்ட் ஒஃப் மைன்' என்று வைத்தார்கள். 'என் மண்' என்றும் படிக்கலாம், 'கண்ணிவெடி மண்' என்றும் படிக்கலாம். பிறமொழிப் படங்களுக்கான ஒஸ்கார் பரிந்துரை வரை போனது.

கதை நடப்பது 1945 மே மாதத்துக்குப் பிறகு. நேச நாட்டுப் படைகள் கடல் வழியாக வந்து இறங்கும் என்று பயந்து, டென்மார்க்கின் மேற்குக் கரை முழுக்க ஜேர்மன் படை கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தது. படைகள் வந்து இறங்கியதோ பிரான்சின் நோர்மண்டியில். டென்மார்க்கின் கரையில் புதைத்தது எல்லாம் அப்படியே கிடந்தது. 1945 மே 5 அன்று டென்மார்க் விடுதலையானதும், புதைத்தவர்களே தோண்டி எடுக்கட்டும் என்று முடிவானது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. படம் நம்மை அந்த நியாயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்து, வேலைக்கு வந்து நிற்பவர்களின் முகங்களைக் காட்டுகிறது. மீசை அரும்பாத பையன்கள். போரின் கடைசி மாதங்களில் ஆள் இல்லாமல் ஜேர்மனி பிடித்துச் சேர்த்த பிள்ளைகள். அவர்களில் யாரும் அந்தக் கரையில் ஒரு வெடிகூடப் புதைத்திருக்க மாட்டார்கள்.

போர்க்கைதிகளை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்று 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. அதற்கு ஒரு சுற்றுவழி இருந்தது. இவர்கள் 'போர்க்கைதிகள்' அல்ல, 'சரணடைந்த எதிரிப் படையினர்' என்று பிரித்தானியர் வகைப்படுத்தினார்கள். பெயரை மாற்றியதும் சட்டம் விலகிக்கொண்டது. இதைப் படம் பார்த்த பிறகுதான் தேடிப் படித்தேன். ஒரு சொல்லை மாற்றி மனிதர்களை வெடிக்கு முன்னால் படுக்க வைக்கலாம் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

படத்தில் 14 பையன்கள், ஒரே கரையில் 45,000 வெடிகள். பொறுப்பாளர் ராஸ்முசன் என்ற டேனிஷ் சார்ஜன்ட். மணிக்கு ஆறு வெடி வீதம் எடுத்தால் மூன்று மாதத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குச் சொல்கிறார். முதல் காட்சியிலேயே, அணிவகுத்துப் போகும் ஜேர்மன் கைதிகளில் ஒருவனை அவர் அடித்து நொறுக்குவதைப் பார்த்துவிடுகிறோம். ஐந்து வருட ஆக்கிரமிப்பின் கோபம் அந்தக் கையில் இருக்கிறது. ரோலண்ட் மொல்லர் அந்தப் பாத்திரத்தில் நடிக்கவே இல்லை, கொதிக்கிறார். பையன்கள் இரவில் ஒரு குடிசையில் அடைக்கப்படுகிறார்கள். வெளியே இருந்து கட்டை போட்டுப் பூட்டுகிறார்கள். பகலில் வெள்ளை மணலில் வயிறு படிய ஊர்ந்து, ஒரு கம்பியால் குத்திக் குத்திப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் படம் பார்த்த விதத்தைச் சொல்லவேண்டும். எனக்குச் சொந்த ஊர் இலங்கையின் வடக்கே பளைப் பக்கம். முகமாலை கிட்ட. 2000ஆம் ஆண்டிலிருந்து போரின் கடைசி மாதங்கள் வரை முன்னரங்கு ஓடிய இடம் என்பதால், உலகத்திலேயே வெடிகள் நெருக்கமாகப் புதைந்த நிலங்களில் ஒன்றாக அது ஆனது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனவர். வடக்கில் அந்த வேலையில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். போரில் கணவரை இழந்து, வீட்டைத் தனியே சுமப்பவர்கள் பலர். ஒருநாள் மடிக்கணினியில் இந்தப் படத்தை அவரோடு சேர்ந்து பார்த்தேன். போட்டிருக்கக் கூடாதோ என்று தொடங்கிய பிறகு யோசித்தேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

பையன்கள் சட்டையோடு படுத்து வெடியைக் கழற்றுவதைப் பார்த்ததும் முகக்கவசம் எங்கே என்று கேட்டார். அப்புறம் கம்பியைக் கவனித்தார். "மேலால குத்தப்படாது தம்பி. சரிவாப் பக்கத்தால போகோணும். தலையில அமத்தினாத்தான் வெடிக்கும்." அவர்கள் முகமாலையில் நீண்ட பிடி போட்ட வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இழுப்பார்களாம். உலோகம் குறைந்த மிதிவெடிகள் உலோகம் காட்டும் கருவிக்குச் சரியாகப் பிடிபடாது. அந்தக் காலத்து ஜேர்மன் படையிடமும் மரப்பெட்டியில் செய்த மிதிவெடி இருந்தது. எங்கள் ஊரில் 'ஜொனி' என்று சொல்லும் மிதிவெடியும் மரப்பெட்டிதான்.

படத்தில் ஒருவரையும் உலுக்காமல் போகாத காட்சி பயிற்சிக் காட்சி. ஒவ்வொருவராக உள்ளே போய் ஒரு நிஜ வெடியைக் கழற்றிவிட்டு வரவேண்டும். மற்றவர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். உள்ளே போனவன் திரும்பி வருவானா என்று அவர்கள் காது கொடுத்துக் கேட்கும்போது நாமும் கேட்கிறோம். பின்னணி இசையை நம்பி எடுத்த காட்சி அல்ல அது. வெடியின் திருகு சுழலும் சத்தமும் மூச்சும்தான். ஆனால் அக்காவை உலுக்கியது அது இல்லை. பையன்களுக்குச் சாப்பாடு கொடுக்காத இடம்.

நாள் கணக்கில் பட்டினி. சாப்பாடு வருமா என்று ஒருவன் கேட்டால், உங்களுக்குச் சாப்பாடு தருவது எங்கள் கவலை இல்லை என்கிற மாதிரிப் பதில். பசி தாங்காமல் பக்கத்துப் பண்ணையில் மாட்டுத் தீனியைத் திருடித் தின்று நோய்ப்படுகிறார்கள். அப்போது அக்கா சொன்னார்: "பசியோட ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டினம். கை நடுங்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "காய்ச்சல் எண்டாலும் விடமாட்டினம்" என்றார்.

நான் அதுவரை அந்தக் காட்சிகளை இரக்கத்துக்காக வைத்தவை என்றே நினைத்திருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் பட்டினியும் வெடியும் ஒரே விஷயம் என்று புரிந்தது. சாப்பாடு கொடுக்காமல் கம்பியைக் கையில் கொடுத்தால், அந்தப் பையன் உயிரோடு திரும்பினாலும் சரி, திரும்பாவிட்டாலும் சரி என்று பொருள். பின்னால் ஒருவனுக்கு இரண்டு கைகளும் போகின்றன. அவன் அம்மா என்று கத்துகிறான். அவன் இறந்துவிட்ட செய்தி தெரிந்தும், தேறி வருகிறான் என்று ராஸ்முசன் மற்றவர்களிடம் பொய் சொல்கிறார். முகாமிலிருந்து ரொட்டியும் உருளைக்கிழங்கும் எடுத்து வந்து கொடுக்கத் தொடங்குகிறார். மனம் மாறியதை அவர் வாயால் சொல்வதே இல்லை. ரொட்டியைக் கொண்டு வந்து வைக்கிறார், அவ்வளவுதான்.

குறை இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். ராஸ்முசனின் நாய்க்கு நடப்பதும் பண்ணைப் பெண்ணின் குட்டி மகள் வெடி நிலத்துக்குள் போவதும் திரைக்கதைக்காகக் கொஞ்சம் இழுத்துப் பொருத்தியவை போலத் தெரிகின்றன. இரட்டைச் சகோதரர்களின் பகுதி அப்படி இல்லை. ஒரு வெடியை எடுத்தால் அதன் அடியில் இன்னொன்று பிணைத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதை நாம் அவர்கள் வழியாகத் தெரிந்துகொள்கிறோம். அதற்குப் பிறகு தனியாக மிஞ்சும் தம்பியின் முகத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. முடிவையும் சொல்லவில்லை; நீங்களே பாருங்கள்.

2,000-க்கும் மேற்பட்ட ஜேர்மன் கைதிகள் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வெடிகளை எடுத்தார்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள் அல்லது படுகாயம் அடைந்தார்கள் என்று படத்தின் இறுதியில் எழுத்து வருகிறது. அந்தக் கரையில் ஸ்காலிங்கன் என்றொரு தீபகற்பம் உண்டு. அதைச் சுத்தமான நிலம் என்று டென்மார்க் அறிவித்தது 2012இல். புதைத்து ஏறக்குறைய எழுபது வருடம் கழித்து, அதுவும் அவ்வளவு வசதியான ஒரு நாட்டில்.

இன்னொரு காட்சி. துப்புரவாக்கிய கரைப் பகுதியைப் பையன்கள் கைகோத்து வரிசையாக நடந்து கடக்க வேண்டும் என்று ராஸ்முசன் கட்டளையிடுகிறார். ஒரு வெடி விடுபட்டிருந்தால் அவர்கள் காலே காட்டிக் கொடுக்கட்டும் என்று. அக்கா அந்த இடத்தில் எழுந்து குசினிக்குப் போய்விட்டார். தேத்தண்ணி போடப் போவதாகச் சொன்னார்.

அந்தப் படத்தைப் பார்ப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் அம்மம்மாவின் தென்னங்காணியில் கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகையைக் கழற்றியிருந்தார்கள். 2000இல் விட்டுவிட்டு ஓடிய காணி. கடிதத்தில் பாதுகாப்பானது என்று எழுதிக் கொடுத்திருந்தும் அம்மம்மா வேலி வரைக்கும் வந்து நின்றுவிட்டார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கடைசியில் அக்காதான், "வாங்கோ அம்மம்மா, நான் முன்னால போறன்" என்று இறங்கினார். செருப்பு இல்லாமல், வேண்டுமென்றே அழுத்தமாகக் கால் வைத்து நடந்தார். அம்மம்மா அவருடைய ஒவ்வொரு கால்தடத்தின் மேலும் தன் காலை வைத்து, கிணற்றடி வரைக்கும் போனார்.