ராத்திரி பத்து மணிக் குறிப்புகள்

கேள்வி: என் மகள் கலிபோர்னியாவில் டாக்டர். பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, ராத்திரி குழந்தையைத் தூங்கவைத்த பிறகு லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுதுகிறாள். இனிமேல் பேச்சைக் கேட்டு ஏஐயே எழுதிவிடும் என்கிறாள். நிஜமாகவே அவள் வேலை குறையுமா?
- வாசகி, திருச்சி

பதில்: குறையும். ஆனால் நீங்கள் ஆசைப்படும் அளவுக்கு இல்லை.

இந்த ராத்திரி வேலைக்கு அங்கே 'பைஜாமா நேரம்' என்றே பேர். நோயாளியோடு செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் கிட்டத்தட்ட 2 மணி நேரம் போகிறது என்று 2016-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. சிகிச்சைக்கு மட்டும் குறிப்பு என்றால் நாலு வரி போதும், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பணம் வாங்கவும் அதுதான் ஆதாரம் என்பதால் நீண்டுகொண்டே போகிறது.

வடக்கு கலிபோர்னியாவில் பர்மனென்டே மெடிக்கல் குரூப் என்ற பெரிய டாக்டர்கள் குழுமம் 2023 அக்டோபரில் இந்த ஏஐ கருவியைக் கொண்டுவந்தது. நோயாளி சம்மதித்தால், டாக்டரின் போன் வழியாக அறையில் இருவரும் பேசுவதைக் கேட்கும், ஊர்க்கதையை விட்டுவிட்டு மருத்துவ விஷயத்தை மட்டும் குறிப்பாக எழுதித் தரும், டாக்டர் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். 63 வாரங்களில் 7,260 டாக்டர்கள், 25 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்திப்புகள், மிச்சமானது 15,791 மணி நேரம். பெரிய எண்தான், ஆனால் வகுத்துப் பாருங்கள், ஒரு நோயாளிக்கு அரை நிமிடம்கூட வரவில்லை!

அப்புறம் ஏன் டாக்டர்களுக்கு இது பிடித்திருக்கிறது? திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே பேசாமல் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறதே, அதனால்தான். டாக்டர் கணினியைப் பார்ப்பது குறைந்திருக்கிறது என்று நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சொன்னார்கள். என்னைக் கேட்டால் மிச்சமான நிமிடங்களைவிட இதுதான் பெரிய லாபம்.

தப்பும் வரும். கையிலும் காலிலும் வாயிலும் ஏதோ தொந்தரவு என்று பேசியதைக் கேட்டு, 'கை-கால்-வாய் நோய்' என்ற வைரஸ் தொற்றே இருப்பதாக எழுதிவிட்டது ஒருமுறை. இனிமேல் செய்யவேண்டிய பரிசோதனையைச் செய்து முடித்ததாக எழுதியதும் உண்டு. வாசகம் சரளமாக இருப்பதால் களைத்த கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. அதனால் அடுத்த நோயாளி உள்ளே வருவதற்குள் அந்தக் குறிப்பைப் படித்துத் திருத்திவிடச் சொல்லுங்கள், ராத்திரிக்குத் தள்ளினால் பேசியது பாதி மறந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லுங்கள்: மிச்சமாகும் நேரத்தைக் காட்டி மருத்துவமனை இன்னும் இரண்டு நோயாளிகளைச் சேர்க்கப் பார்த்தால், முதல் நாளே முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.