முன் சில்லுப் பெயாரிங்: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய ஃபோர் வீல் ட்ரைவ் வாகனங்களின் முன் சில்லுப் பெயாரிங்கைப் பற்றியவை, அதாவது சில்லை லேசாகச் சுற்றவிடுகிற உருளை வளையத்தைப் பற்றியவை. மாரி வெள்ளத்துக்குள் ஓடிவிட்டு, வெள்ளம் வற்றின பிறகு சத்தம் கேட்டு எழுதுகிறீர்கள். பரவாயில்லை, பார்ப்போம்.

கேள்வி: முன் பெயாரிங் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்? (வட்டுக்கோட்டை)

எந்த வாகனம்? எந்த வருடம்? இரண்டையும் எழுதாமல் அளவு கேட்டால் நான் எதைச் சொல்வது? பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் உள்ளும் வெளியுமாக இரண்டு நட்டு. உள் நட்டை ஏறக்குறைய 60 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, ஹப்பை, அதாவது சில்லைப் பூட்டுகிற நடுப்பாகத்தை, இரண்டு பக்கமும் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். உருளைகள் ஒழுங்காக இருந்துகொள்ளும். பிறகு கையால் திருப்பக்கூடிய அளவுக்கு நட்டைத் தளர்த்தி, மெல்ல மெல்லத் திரும்ப இறுக்குங்கள். எங்கே நிறுத்துவது என்பது மானிப்பாய்க்காரருக்கான பதிலில் இருக்கிறது. கடைசியாகப் புது லொக் வாஷர், அதன் மேல் வெளி நட்டு, 50 நியூட்டன் மீற்றர் அளவில். வாஷரின் ஒரு காதை உள் நட்டின் மேலும் இன்னொன்றை வெளி நட்டின் மேலும் மடியுங்கள். பழைய வாஷரை நிமிர்த்தித் திரும்பப் போட வேண்டாம்.

கேள்வி: 1990 ஹைலக்ஸ். ஏ9 வீதியில் 60ஐத் தாண்டினால் முன்னுக்கு ஊளைச் சத்தம். எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. (சாவகச்சேரி)

வாகனம், வருடம், வேகம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இடமும் வலமும் மெதுவாக வளைத்து ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலச் சில்லில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். எப்படி வளைத்தும் மாறாவிட்டால் முதலில் ரயரைப் பாருங்கள்.

அப்புறம் ஜாக்கி போட்டு, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே இருத்திப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சில்லுப் பெயாரிங். நிற்காவிட்டால் நக்கிளின் (ஸ்ரியரிங்கோடு சில்லைத் திருப்புகிற மூட்டு) மேலும் கீழும் இருக்கிற பெயாரிங். இதைப் பார்க்காமல் நட்டை இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊளையிடத் தொடங்கிய பெயாரிங்கை இறுக்கி வாயடைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். சீமெந்துக் கல்லையும் முட்டுக் கொடுக்காதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும். ஸ்ராண்ட் இல்லாவிட்டால் அகலமான நல்ல பனங்குற்றி வையுங்கள்.

கேள்வி: பெயாரிங்கை மட்டும் வாங்கிப் பழைய றேஸிலேயே (உருளைகள் ஓடுகிற வெளி வளையம்) போடலாமா? (நல்லூர்)

கூடாது. இரண்டும் ஒரே பெட்டியில் வருவது சும்மா இல்லை.

கேள்வி: எங்கள் கராஜில் உளியை வைத்துத் தட்டித்தான் நட்டை இறுக்குகிறார்கள். கை அனுபவம் என்கிறார்கள். இந்த நட்டுக்கான 54 மில்லிமீற்றர் சொக்கெட் உண்மையிலேயே வேண்டுமா? (மானிப்பாய்)

வேண்டும். இருபது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் முதன்முதலில் வாங்கிய ஹைலக்ஸின் முன் ஹப்பைத் திறந்தபோது, நட்டின் மூலையெல்லாம் எலி கொறித்த தேங்காய்ச் சொட்டு மாதிரி இருந்தது. அதைப் பார்த்தும் நான் திருந்தவில்லை. பெயர் பெற்ற ஒரு கராஜில் கொடுத்தேன், அவர்களும் உளியாலேயே இறுக்கித் தந்தார்கள். புங்குடுதீவுப் பாலத்தில் போகும்போது வலச் சில்லில் இருந்து கருகின மணம். இறங்கித் தண்ணீரைத் தெளித்தால் தோசைக்கல்லில் தெளித்த மாதிரிச் சுரீர் என்றது. பெயாரிங்கின் உள் வளையம், அசையாமல் அதைத் தாங்க வேண்டிய ஸ்பிண்டில் தண்டின் மேலேயே சுற்றி, ஸ்பிண்டிலையும் அரைத்துவிட்டது. ஒரு சொக்கெட்டின் விலையைப்போலப் பல மடங்கு செலவு. ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றது தனிக் கணக்கு.

உளியால் தட்டும்போது நட்டில் இருந்து உதிர்கிற இரும்புத் தூள் எங்கே போகிறது? நேரே கிறீஸுக்குள். அது ஒன்று. மற்றது, எவ்வளவு இறுகியது என்று தட்டுகிறவருக்கே தெரியாது. ரயரைப் பூட்டிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்து "சரி, லேசாகச் சுற்றுது" என்பதுதான் அவர்களுடைய கை அனுபவம். ரயரின் விளிம்பில் பிடித்துச் சுற்றினால் எதுவும் லேசாகத்தான் சுற்றும். மூன்று கிலோ இழுவைக்கும் ஒன்பது கிலோ இழுவைக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கைக்குத் தெரியாது.

தராசு வேண்டும். ரயரைக் கழற்றி, பிரேக் பாட் தட்டில் உரசாமல் கலிப்பரை ஒதுக்கிவிட்டு, சில்லுப் போல்ட் ஒன்றில் தராசைக் கொளுவி வட்டத்தின் போக்கிலேயே இழுங்கள். ஹப் அசையத் தொடங்குகிற அந்தக் கணத்தில் 3 முதல் 5 கிலோ வரை காட்டினால் போதும். குறைந்தால் நட்டைக் கொஞ்சம் இறுக்குங்கள், கூடினால் தளர்த்துங்கள். வெளி நட்டை இறுக்கினதும் மறுபடி இழுத்துப் பாருங்கள், அளவு கூடியிருக்கும். தராசுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்த சொந்தக்காரர் சூட்கேஸ் நிறுக்கிற தராசு ஒன்று உங்கள் வீட்டு அலுமாரிக்குள் கிடக்கும். அதுவே போதும். மீன் சந்தைப் பெரிய தராசு வேண்டாம், அதில் இரண்டு கிலோ வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: வள்ளம் இறக்க வாகனத்தைக் கடலுக்குள் பின்பக்கமாக இறக்குவேன். ஹப்பைத் திறந்தால் கிறீஸ் பால் தேத்தண்ணி நிறம். சீல் போன வருடம்தான் மாற்றினது. (காரைநகர்)

சீலைக் குறை சொல்லாதீர்கள். ஓடி வந்த சூட்டோடு தண்ணீருக்குள் இறக்கினால் ஹப்புக்குள் இருக்கிற காற்றுச் சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். அரை மணித்தியாலம் ஆறவிட்டு இறக்குங்கள். இப்போதைக்கு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாகக் காயவிட்டு, உருளைகளில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு புள்ளி இருந்தாலும் வீசுங்கள். புதுச் சீல், புதுக் கிறீஸ், புது லொக் வாஷர். கடலுக்குள் இறங்குகிற வாகனத்துக்குக் கிலோமீற்றர்க் கணக்கு இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறக்க வேண்டியதுதான். கிறீஸ் பாலாகாமல் எண்ணெயாக இளகி, கியர் ஒயில் மணத்தால் அது வேறு வருத்தம்: அக்ஸிலின் உள் சீல் போய்விட்டது.

கேள்வி: பெயாரிங்குக்கும் நக்கிளுக்கும் ஒரே கிறீஸ் போடலாமா? (பருத்தித்துறை)

பெயாரிங்குக்குச் சூடு தாங்குகிற லித்தியம் கிறீஸ், இரண்டாம் நம்பர். நக்கிளுக்குள் இருக்கிற மூட்டுக்கு மொலி (மொலிப்டினம்) கலந்த கறுப்புக் கிறீஸ். பெயாரிங்குக்கான கிறீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு இடையால் பிதுங்கும்வரை அழுத்துங்கள். ஹப்பின் வயிற்றை முழுக்க நிரப்பாதீர்கள்.

கேள்வி: பழைய சீரிஸ் லாண்ட் ரோவருக்கும் இதே தராசுக் கணக்குத்தானா? (கோப்பாய்)

இல்லை. அதற்கு இழுவை அளவு இல்லை, மயிரிழை ஆட்டம் விட வேண்டும். ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், டயல் கேஜ் (மிகச் சிறிய அசைவை முள்ளால் காட்டுகிற கருவி) வைத்துப் பாருங்கள். நட்டும் 54 இல்லை, 52. ஹைலக்ஸ்காரர் சொல்கிறார் என்று அவரைப் பின்பற்றாதீர்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டிவிட்டேன். இனி எப்போது பார்ப்பது? (ஊர்காவற்றுறை)

முதல் நாள் பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு இறங்கி, இரண்டு ஹப்பிலும் கை வையுங்கள். பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓடியிருந்தால் இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று கை வைக்க முடியாத சூடென்றால் உடனே திறவுங்கள். பிறகு 500 கிலோமீற்றரில் ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்கள். சீமெந்துக் கல் இல்லாமல்.